நிறுத்தி வைப்பதா, படுக்க வைப்பதா: அணு எரிபொருள் புதைப்பில் ஒரு மாற்று வடிவமைப்பின் நிகழ்வு ஆய்வு

அணு உலையில் எரிந்து முடிந்த எரிபொருளைப் பூமிக்கடியில் புதைக்க ஸ்வீடனும் பின்லாந்தும் கிட்டத்தட்ட ஒரே முறையைத் தேர்ந்தெடுத்தன. தடித்த செப்புக் கலம், அதைச் சுற்றி பெண்டோனைட் களிமண், அதற்கு வெளியே 400 முதல் 500 மீட்டர் ஆழத்தில் கெட்டிப் பாறை. இதில் கலத்தை நிமிர்த்தி நிறுத்துவதா, படுக்க வைப்பதா என்ற ஒரே கேள்விக்காக இரு நாட்டு நிறுவனங்களும் சேர்ந்து 2002 முதல் பதினைந்து ஆண்டுகள் போல உழைத்தன. படுக்க வைக்கும் வடிவம் நன்றாகவே தேறியது. ஆனாலும் அது தேர்வாகவில்லை. ஒரு மாற்று வடிவம் எங்கே வலுப்பெற்றது, எங்கே சிக்கியது, முடிவு எந்தக் கட்டத்தில் உண்மையில் எடுக்கப்பட்டது என்பதைப் பார்க்க இதைவிட நல்ல எடுத்துக்காட்டு எனக்குத் தெரிந்து இல்லை.

நமக்கும் இதில் ஒரு தொடர்பு உண்டு. கூடங்குளம் வழக்கில் 2013 மே மாதம் உச்ச நீதிமன்றம் உலையை இயக்க அனுமதித்தபோது, பயன்படுத்திய எரிபொருளுக்காக ஆழ்நிலக் களஞ்சியம் ஒன்றை விரைவில் அமைக்க நடவடிக்கை வேண்டும் என்றும் சொன்னது. அதற்குச் சில மாதங்கள் முன்பு கோலார் தங்கச் சுரங்கத்தின் பெயர் அடிபட்டு, அங்கே மக்கள் தெருவில் இறங்கியதும் பலருக்கு நினைவிருக்கும். இந்தியா எரிபொருளை மறுபதப்படுத்தி, மீண்டும் பயன்படும் பகுதியைப் பிரித்தெடுக்கும் வழியில் போவதால் புதைக்க வேண்டியது கண்ணாடியாக உறைய வைத்த கழிவாகத்தான் இருக்கும். அதையும் ஏதோ ஒரு பாறையில், ஏதோ ஒரு வடிவத்தில்தான் வைத்தாக வேண்டும்.

பின்னணி: சட்டம் கேட்டது, பொறியாளர்கள் வரைந்தது

1977-இல் ஸ்வீடன் ஒரு சட்டம் போட்டது. புதிய உலையில் எரிபொருள் ஏற்ற வேண்டுமானால், அதன் கழிவை முழுப் பாதுகாப்போடு எங்கே, எப்படி வைக்கப் போகிறோம் என்று முதலில் காட்ட வேண்டும். உலை உரிமையாளர்கள் சேர்ந்து அவசரமாக ஒரு திட்டக் குழுவை அமைத்தார்கள். அதன் பெயர்ச் சுருக்கம் கே.பி.எஸ். முதல் அறிக்கை மறுபதப்படுத்திய கழிவைப் பற்றியது. 1978-இல் வந்த இரண்டாவது, எரிபொருளை அப்படியே புதைப்பது பற்றியது. 1983-இல் வந்த மூன்றாவது அறிக்கைதான் கே.பி.எஸ்-3. அதை வைத்து 1984-இல் ஃபோர்ஸ்மார்க் 3, ஆஸ்கர்ஷாம் 3 ஆகிய உலைகளுக்கு அனுமதி கிடைத்தது. எஸ்.கே.பி என்ற ஸ்வீடன் நிறுவனம் இந்த வேலையைத் தொடர்ந்தது. பின்லாந்தில் போசிவா நிறுவனம் அதே முறையை எடுத்துக்கொண்டது.

கலத்தின் அளவைத் தெரிந்துகொண்டால்தான் இனி வருவது புரியும். உயரம் ஏறத்தாழ 4.8 மீட்டர், விட்டம் ஒரு மீட்டருக்குச் சற்று அதிகம். வெளியே 5 சென்டிமீட்டர் தடிமனில் செம்பு, உள்ளே வார்ப்பிரும்பு. எரிபொருளோடு சேர்த்து எடை கிட்டத்தட்ட 25 டன். செங்குத்து வடிவத்தில், ஒரு சுரங்கவழியின் தரையில் 8 மீட்டர் ஆழத்துக்கு, 1.75 மீட்டர் விட்டத்தில் ஒரு குழி தோண்டுவார்கள். அழுத்திச் செய்த பெண்டோனைட் வளையங்களை அதில் அடுக்கி, நடுவே கலத்தை இறக்குவார்கள். பாறையிலிருந்து தண்ணீர் மெல்ல வந்து களிமண்ணில் ஊறும். களிமண் உப்பி, எல்லா இடைவெளியையும் அடைத்துக்கொள்ளும். அதன் பிறகு கலத்தை நோக்கித் தண்ணீர் ஓட முடியாது. மிக மெதுவாக ஊடுருவ மட்டுமே முடியும். இந்த மொத்த முறைக்கும் உயிர்நாடி அதுதான்.

ஸ்வீடனில் இப்படி 6,000 கலங்கள் போல, ஏறத்தாழ 12,000 டன் எரிபொருள். அதன் கதிரியக்க நச்சுத்தன்மை இயற்கை யுரேனியத் தாதுவின் அளவுக்கு இறங்க ஒரு லட்சம் ஆண்டுகள் ஆகும்.

முதல் ஒப்பீடு: காகிதத்தில் நான்கு வடிவங்கள்

1990-களின் தொடக்கத்தில் எஸ்.கே.பி ஒரு ஒப்பீட்டு ஆய்வை நடத்தி 1993-இல் வெளியிட்டது. அதில் நான்கு வடிவங்கள் இருந்தன. ஒன்று, ஏற்கெனவே இருந்த கே.பி.எஸ்-3. இரண்டாவது, நடுத்தர நீளமுள்ள கிடைத் துளைகளில் கலங்களை வரிசையாகப் படுக்க வைப்பது. மூன்றாவது, பல கிலோமீட்டர் நீளும் சுரங்கவழிகளில் பெரிய கலங்களை வைப்பது. நான்காவது, 2 முதல் 4 கிலோமீட்டர் ஆழத் துளைகளில் இறக்கிவிடுவது.

ஆழத் துளைக்குக் கவர்ச்சி அதிகம். அவ்வளவு ஆழத்தில் நீர் உப்பேறி, அசைவில்லாமல் கிடக்கும்; மேலே வரும் வழி குறைவு. ஆனால் கலம் பாதி வழியில் சிக்கிக்கொண்டால் என்ன செய்வது, களிமண் சரியாக உட்கார்ந்ததா என்று எப்படிப் பார்ப்பது என்ற கேள்விகளுக்கு அன்று நல்ல பதில் இல்லை. அது கடைசி இடத்துக்குப் போனது. ஸ்வீடனின் சுற்றுச்சூழல் அமைப்புகள் பிற்பாடும் அந்த வழியை ஆராயச் சொல்லி வாதாடின. அவர்கள் வாதத்தை ஒதுக்கித் தள்ள முடியாது என்றே நினைக்கிறேன். இந்த ஆய்வு அதைப் பற்றியது அல்ல என்பதால் இங்கே விடுகிறேன்.

முதலிடம் கே.பி.எஸ்-3க்குக் கிடைத்தது. கிடைத் துளை வடிவம் அதற்குப் பக்கத்திலேயே வந்து நின்றது. பின்னாளில் கே.பி.எஸ்-3எச் என்று பெயர் பெற்றது இதன் வாரிசுதான்.

படுக்க வைக்கும் யோசனை ஏன் எழுந்தது

காரணம் எளியது: தோண்டும் பாறையின் அளவு. செங்குத்து வடிவத்தில் குழி மட்டும் போதாது. குழிக்கு மேலே இயந்திரம் நின்று 25 டன் கலத்தை நிமிர்த்தி இறக்க இடம் வேண்டும். அதற்காக 4.2 மீட்டர் அகலம், 4.8 மீட்டர் உயரத்தில் ஒரு சுரங்கவழியை வெடி வைத்துக் குடைய வேண்டும். பிறகு அந்தச் சுரங்கவழி முழுவதையும் மறுபடி களிமண்ணால் நிரப்ப வேண்டும்.

ஒரு மனக்கணக்குப் போடலாம். குழிகள் 6 மீட்டருக்கு ஒன்று என்று வைத்தால், ஒரு கலத்துக்கு மட்டும் 120 கன மீட்டருக்கு நெருக்கமான சுரங்கவழி. குழிக்கு இன்னொரு 19 கன மீட்டர். கிடை வடிவத்திலோ 1.85 மீட்டர் விட்டமுள்ள ஒரு துளை மட்டுமே. 10 மீட்டருக்கு ஒரு கலம் என்று தாராளமாக வைத்தாலும் 27 கன மீட்டர்தான். கலத்துக்கு 100 கன மீட்டர் மிச்சம் என்றால் 6,000 கலத்துக்கு 6 லட்சம் கன மீட்டர். அவ்வளவு பாறையைத் தோண்டவும் வேண்டாம், அவ்வளவு களிமண்ணைக் கொண்டுபோய் அடைக்கவும் வேண்டாம். பணம் ஒரு பக்கம் இருக்கட்டும். வெடி வைத்துக் குடையும்போது சுற்றுப் பாறையில் நுண்விரிசல் விழும்; துளையிட்டால் அது குறைவு. நீண்டகாலப் பாதுகாப்பிலும் இது ஒரு நன்மை.

இந்த நன்மைகள் உண்மையானவை. 2002-இல் எஸ்.கே.பியும் போசிவாவும் சேர்ந்து சாத்தியக்கூறு ஆய்வைத் தொடங்கியபோது யாரும் இவற்றை மறுக்கவில்லை. கேள்வி வேறு இடத்தில் இருந்தது. 300 மீட்டர் வரை நீளும் ஒல்லியான துளைக்குள் கலத்தின் பக்கத்தில் மனிதர் நின்று வேலை செய்ய இடமில்லை. 25 டன் கலத்தையும் அதைச் சுற்றிய களிமண்ணையும் உள்ளே எப்படிக் கொண்டுபோவது?

பொறியாளர்களின் விடை: வெளியிலேயே எல்லாவற்றையும் ஒரே பொட்டலமாகக் கட்டிவிடுவது. எஃகுத் தகட்டில் செய்த உருளை ஓடு ஒன்று. அதன் மேற்பரப்பில் 62 சதவீதம் ஓட்டைகள், ஒவ்வொன்றும் 10 சென்டிமீட்டர் விட்டம். உள்ளே பெண்டோனைட் வளையங்கள், நடுவில் கலம். இதற்கு சூப்பர் கண்டெய்னர் என்று பெயர். மொத்த எடை 46 டன். துளைக்குள் போனபின் களிமண் தண்ணீரில் ஊறி, அந்த ஓட்டைகள் வழியாக வெளியே பிதுங்கி, பாறைச் சுவரைத் தொட வேண்டும். இரண்டு கண்டெய்னர்களுக்கு நடுவே பெண்டோனைட் இடைக்கட்டிகள். அவை வெப்பத்தைப் பரப்பவும் ஒன்றையொன்று பிரித்து வைக்கவும்.

முதல் முடிவு: பாறைக்குள் போய்ச் செய்து பார்ப்பது

இங்கே எடுக்கப்பட்ட முடிவைப் பாராட்டாமல் இருக்க முடியாது. வரைபடத்தோடு நிறுத்தாமல், ஆஸ்கர்ஷாம் அருகே உள்ள ஆஸ்போ பாறை ஆய்வுக்கூடத்தில் 220 மீட்டர் ஆழத்தில் முழு விட்டத்தில் இரண்டு துளைகளைப் போட்டார்கள். ஒன்று 15 மீட்டர், மற்றொன்று 95 மீட்டர் நீளம். முதலில் மெல்லிய வழிகாட்டித் துளை, பிறகு அதைப் பின்பற்றி அகலப்படுத்தும் தலை. துளை உள்ளே போகப் போக லேசாக, 2 பாகை அளவுக்கு, மேல்நோக்கி ஏறும். கசியும் தண்ணீர் தானாக வாய்ப்பக்கம் வடிந்துவிட வேண்டும் என்பதற்காக.

வழிகாட்டித் துளை நேராகப் போனால்தான் எல்லாம் சரியாக இருக்கும். கண்டெய்னருக்கும் பாறைக்கும் நடுவே சுற்றிலும் 4 சென்டிமீட்டர் சொச்சம்தான் இடம். துளை எங்காவது வளைந்தாலோ நெளிந்தாலோ அந்த இடம் போய்விடும்.

46 டன்னை உள்ளே தள்ள, நீர்மெத்தை முறையைப் பயன்படுத்தினார்கள். கண்டெய்னருக்கு அடியில் குட்டையான கால்கள். அந்தக் கால்களுக்கு நடுவே ஒரு சறுக்குத் தட்டு நுழையும். தட்டுக்கு அடியில் அழுத்தத்தோடு தண்ணீரைச் செலுத்தினால், கண்டெய்னர் கால் தூக்கி மெல்லிய நீர்ப்படலத்தின் மேல் மிதக்கும். இயந்திரம் அதைக் கொஞ்ச தூரம் தள்ளும். தண்ணீரை நிறுத்தினால் கண்டெய்னர் தன் கால்களில் உட்காரும். தட்டு மட்டும் முன்னே நகரும். மறுபடி தண்ணீர், மறுபடி தள்ளல். எரிபொருள் இல்லாத, எடை மட்டும் சமமான போலிக் கண்டெய்னரை வைத்து 95 மீட்டர் துளையில் இதை ஓட்டிக் காட்டினார்கள். ஐரோப்பிய ஒன்றியத்தின் எஸ்ட்ரெட் திட்டமும் இந்தக் கட்டத்தில் கைகொடுத்தது.

2007 அளவில் இயந்திரம் பற்றிய சந்தேகம் பெருமளவு தீர்ந்துவிட்டது. அதே ஆண்டு, பின்லாந்து தன் களஞ்சியத்துக்குத் தேர்ந்தெடுத்த ஒல்கிலுவோட்டோவின் பாறைக்கு ஏற்ற பாதுகாப்பு மதிப்பீடும் வெளிவந்தது. பெரிய தடை என்று அது எதையும் சொல்லவில்லை. ஆனால் இரண்டு விஷயங்களை மேலே கொண்டுவந்தது: தண்ணீர், இரும்பு.

கவனித்தது: எல்லாக் கலமும் ஒரே வடிகாலில்

செங்குத்துக் குழிகள் தனித்தனி வீடுகள் மாதிரி. கிடைத் துளை என்பது ஒரே வடிகாலைப் பகிரும் லைன் வீடு. ஒரு குழியில் தண்ணீர் அதிகம் கசிந்தாலோ பெரிய விரிசல் குறுக்கே போனாலோ அந்தக் குழியை மட்டும் கைவிட்டுவிடலாம். கிடைத் துளையில் ஓர் இடத்தில் வரும் தண்ணீர், அங்கேயே நிற்காது. பக்கத்துக் கண்டெய்னரின் களிமண் இன்னும் உலர்ந்து கிடந்தால், அதைத் தாண்டி ஓடும். ஓடும்போது களிமண்ணில் சிறு குழாய் போல வழி அறுத்துக்கொள்ளும். அந்த வழியே களிமண் துகள் கரைந்து போகும். ஒரு பக்கம் ஊறி உப்பி, இன்னொரு பக்கம் உலர்ந்து இருந்தால், நடுவே உள்ள இடைக்கட்டியை நீரழுத்தம் பிடித்துத் தள்ளவும் செய்யும்.

முதலில் வரைந்த அடிப்படை வடிவம், இடைக்கட்டிகளைப் பாறையோடு சில மில்லிமீட்டர் இடைவெளியில் இறுக்கமாகப் பொருத்தி, எஃகு வளையங்களால் பிடித்து நிறுத்தப் பார்த்தது. நிலத்தடியில், ஈரத்தில், பாறையின் சொரசொரப்பில் அந்தத் துல்லியத்தை நூற்றுக்கணக்கான முறை சாதிப்பது கடினம்.

எடுத்த முடிவு, பிரச்சினையைத் தலைகீழாகத் திருப்பியது. தண்ணீர் எங்கே எப்போது வரும் என்று காத்திருக்காமல், நாமே தண்ணீரை நிரப்பிவிடுவோம் என்றார்கள். துளையை நடுவே ஒரு அடைப்பால் பிரித்து, ஒவ்வொரு பகுதியையும் தனித்தனியாக மூடுவது. வாய்ப்பக்கத்திலிருந்து குழாய் வழியாகத் தண்ணீர் செலுத்துவது. துளை உள்ளே ஏறிச் செல்வதால் காற்று கடைக்கோடியில் போய்த் தேங்கும். நீண்ட ஒரு குழாய் வழியாக அதை வெளியேற்றுவது. இடைவெளி முழுதும் தண்ணீரால் நிரம்பியதும் எல்லாக் களிமண்ணும் ஒரே நேரத்தில் உப்பத் தொடங்கும். குழாய்களை உடனே உருவிவிட வேண்டும். தாமதித்தால் உப்பும் களிமண் காற்றுக் குழாயைக் கவ்விப் பிடித்துக்கொள்ளும்.

இந்த யோசனை இன்னொரு சிக்கலையும் தீர்த்தது. மிக உலர்ந்த பாறையில் களிமண் தானாக ஊற நூறு ஆண்டுகளோ ஆயிரம் ஆண்டுகளோகூட ஆகலாம். அதுவரை கலத்தின் வெப்பத்தில் பாறைச் சுவர் செதில் செதிலாக உரியக்கூடும். களிமண் சீக்கிரமே சுவரைத் தாங்கிப் பிடித்தால் அந்த ஆபத்து குறைகிறது. இந்த முழுக் கதையிலேயே மிக அழகான பொறியியல் நகர்வு இது என்பேன்.

இருந்தாலும் அதிகம் கசியும் இடத்தில் கண்டெய்னரை வைக்க முடியாது. ஒரு கண்டெய்னர் பகுதிக்கு நிமிடத்துக்கு 0.1 லிட்டர் என்று வரம்பு வகுத்தார்கள். அதைத் தாண்டிய இடங்களை அடைக்க வேண்டும் அல்லது வெறும் களிமண் கட்டிகளால் நிரப்பி விட்டுவிட வேண்டும். அடைப்பதற்குச் சாதாரண சிமென்ட் உதவாது. அதிலிருந்து கசியும் காரம் பெண்டோனைட்டைக் கெடுக்கும். சிலிக்கா நுண்துகள் கலந்த கூழ்மக் கரைசலை எடுத்தார்கள். துளையின் விட்டத்துக்கு ஏற்ற பெரிய உருளை ஒன்றை உள்ளே தள்ளி, கசியும் இடத்தை அதன் இரு முனையிலும் இறுக்கி மூடி, நடுவில் உள்ள வளைய இடைவெளி வழியாகக் கரைசலை விரிசல்களுக்குள் அழுத்தத்தோடு ஏற்றினார்கள். 95 மீட்டர் துளையில் பல இடங்களில் கசிவு நன்றாகவே குறைந்தது.

கவனித்தது: ஓட்டின் இரும்பு

இரண்டாவது சிக்கல், கண்டெய்னரின் எஃகு ஓடு. உள்ளே கொண்டுபோகும்வரைதான் அதற்கு வேலை. பிறகு அது அங்கேயே கிடந்து துருப்பிடிக்கும். ஆக்சிஜன் இல்லாத தண்ணீரில் இரும்பு அரித்தால் ஹைட்ரஜன் வாயு உண்டாகும். கெட்டியான, விரிசல் குறைந்த பாறையில் அந்த வாயு வெளியேற வழி தேடி அழுத்தத்தைக் கூட்டும். அதோடு, கரையும் இரும்பு பெண்டோனைட்டோடு வினைபுரிந்து, அதன் உப்பும் தன்மையைக் குறைக்கவும் கூடும். அதுவும் எங்கே? களிமண்ணும் பாறையும் சந்திக்கும் விளிம்பில். தண்ணீர் ஓட வழி கிடைக்கக்கூடாத இடமே அதுதான்.

பாறை நல்லதாக, இறுக்கமாக இருக்க இருக்க இந்த வாயுச் சிக்கல் கூடும். நல்ல இடத்தைத் தேடிப் பிடிப்பதே முறையின் அடிப்படை எனும்போது, இது சங்கடமான முரண்.

2008 முதல் 2010 வரை நடந்த கூடுதல் ஆய்வுகளில் கண்டெய்னரின் ஓடு எஃகுக்குப் பதில் டைட்டானியத்தில் இருக்கட்டும் என்று தீர்மானித்தார்கள். டைட்டானியம் மிக மெதுவாகவே அரிக்கும். வாயுவும் இரும்பும் ஒரே வீச்சில் கணக்கிலிருந்து போயின. விலை அதிகம். வெல்டிங்கும் வேறு மாதிரி. செயற்கை நீர்நிரப்பும் வடிவம் அடிப்படை வடிவமாக உறுதியானதும் ஏறக்குறைய இதே கட்டத்தில்தான்.

இதற்குள் வெளியே நடந்தது

பொறியாளர்கள் நிலத்தடியில் இப்படித் தேறிக்கொண்டிருந்தபோது, மேலே கடிகாரம் ஓடிக்கொண்டிருந்தது. பின்லாந்து நாடாளுமன்றம் 2001-இலேயே ஒல்கிலுவோட்டோவுக்குக் கொள்கை ஒப்புதல் தந்துவிட்டது. 2004-இல் அங்கே ஒன்காலோ சுரங்கம் தோண்டத் தொடங்கியது. ஸ்வீடனில் 2009-இல் களஞ்சியத்துக்கான இடமாக ஃபோர்ஸ்மார்க் தேர்வானது. 2011 மார்ச்சில் எஸ்.கே.பி உரிம விண்ணப்பம் கொடுத்தது. 2012 டிசம்பரில் போசிவா கட்டுமான உரிமத்துக்கு விண்ணப்பித்தது. இரண்டிலும் அடிப்படை வடிவம் செங்குத்து.

அப்படித்தான் இருந்தாக வேண்டும். பல ஆண்டுத் தரவு குவிந்திருந்தது செங்குத்து வடிவத்துக்கே. ஆஸ்போவில் ஆறு கலங்களோடு முழு அளவு மாதிரிக் களஞ்சியம் 2000-களின் தொடக்கத்திலேயே நிறுவப்பட்டிருந்தது. கிடை வடிவத்திடம் அப்போது காட்டுவதற்கு ஒரு துளை, ஓர் இயந்திரம், ஒரு நல்ல யோசனை. எல்லாப் பாகமும் சேர்ந்து வேலை செய்த ஒரு சோதனை இல்லை.

முழு அளவுச் சோதனை

அந்தச் சோதனை 2013 இறுதியில் நடந்தது. 95 மீட்டர் துளையின் கடைக்கோடியில், கிட்டத்தட்ட 20 மீட்டர் நீளத்தில், போலிக் கலத்தோடு ஒரு கண்டெய்னர், இடைக்கட்டிகள், அடைப்பு எல்லாவற்றையும் வரிசையாக நிறுவினார்கள். அடைத்தபின் தண்ணீர் நிரப்பினார்கள், காற்றை வெளியேற்றினார்கள். களிமண்ணின் அழுத்தம், ஈரம், பாகங்களின் அசைவு ஆகியவற்றை உணரிகள் பதிவு செய்தன. ஐரோப்பிய ஒன்றியத்தின் லூகோஎக்ஸ் திட்டத்தின் பகுதி இது. வெப்பம் ஏற்றவில்லை, அதனால் உண்மைக் கலம் தரும் சூட்டில் நடப்பதை இந்தச் சோதனை சொல்லவில்லை. பாகங்களைத் தனித்தனியே அல்லாமல் ஒன்றாக நிறுவ முடியும், துளையைத் தண்ணீரால் நிரப்ப முடியும் என்பதை அது காட்டியது.

காலம்தான் இடறியது. களிமண் ஊறி முடிய ஆண்டுகள் ஆகும். செங்குத்து வடிவத்துக்கான விண்ணப்பங்கள் அதற்குள் ஒழுங்குமுறை ஆணையங்களின் மேசையில் இருந்தன. 2015 நவம்பரில் பின்லாந்து அரசு போசிவாவுக்குக் கட்டுமான உரிமம் வழங்கியது.

முடிவும் அதற்கான காரணமும்

முழு அமைப்பின் வடிவமைப்பும் பாதுகாப்பு ஆய்வும் அடங்கிய கடைசிக் கட்டம் 2011-இலிருந்து 2016 வரை நீண்டது. சுருக்க அறிக்கை 2017-இல் வந்தது. கிடை வடிவம் தொழில்நுட்ப ரீதியில் செய்யக்கூடியது. நீண்டகாலப் பாதுகாப்பில் செங்குத்துக்கு இணையாக நிற்கக்கூடியது. ஆனால் முதிர்ச்சியில் பின்தங்கியிருந்தது. இரு நிறுவனங்களும் செங்குத்து வடிவத்தோடு தொடர்ந்தன.

இந்த முடிவு சரி என்றே நான் நினைக்கிறேன். இணையான பாதுகாப்புள்ள இரண்டில் ஒன்றுக்கு விண்ணப்பம் போய்விட்டது. மாறினால் முழுப் பாதுகாப்பு அறிக்கையையும் புதிதாக எழுத வேண்டும். இன்னொன்றும் உண்டு. செங்குத்து வடிவத்தில் ஒவ்வொரு குழியையும் தோண்டியபின், கலம் இறங்கும் முன்பு, தனியாகச் சோதித்து ஏற்கலாம் அல்லது ஒதுக்கலாம். நிலநடுக்கத்தில் 5 சென்டிமீட்டர் நழுவக்கூடிய பெரிய விரிசல் குழியை வெட்டுகிறதா என்று கண்ணால் பார்க்கலாம். ஒரு லட்சம் ஆண்டுகளுக்குப் பொறுப்பேற்கும் இடத்தில், கலத்துக்குக் கலம் வேண்டாம் என்று சொல்லும் உரிமை கையில் இருப்பதற்கு 6 லட்சம் கன மீட்டர் பாறையைத் தோண்டலாம்.

அதேநேரம், காலம் கடந்ததால்தான் இது எளிய முடிவாக ஆனது என்பதையும் சொல்ல வேண்டும். 2005-இல் 2017-இன் அறிவு இருந்திருந்தால் விவாதம் கடுமையாக இருந்திருக்கும்.

அதன் பிறகு

ஸ்வீடனில் செங்குத்து வடிவத்துக்கும் பாதை நேராக இருக்கவில்லை. 2018 ஜனவரியில் சுற்றுச்சூழல் நீதிமன்றம், செப்புக் கலம் அரிப்பது பற்றிய ஐயங்கள் தீர வேண்டும் என்று அரசிடம் சொன்னது. அதே நாளில் கதிரியக்கப் பாதுகாப்பு ஆணையம் சம்மதம் சொன்னது. கூடுதல் தரவு கொடுத்தபின், 2022 ஜனவரியில் அரசு அனுமதி தந்தது. 2025 ஜனவரியில் ஃபோர்ஸ்மார்க்கில் கட்டுமானம் தொடங்கியது. கலம் நின்றாலும் படுத்தாலும் செம்பு செம்புதான் என்பதால், கிடை வடிவத்துக்கு மாறியிருந்தாலும் இந்தத் தடை வந்தே இருக்கும். பின்லாந்தில் போசிவா 2021 இறுதியில் இயக்க உரிமம் கேட்டது. 2024 ஆகஸ்டில் எரிபொருள் இல்லாமல் முழு வரிசையையும் ஓட்டிப் பார்க்கத் தொடங்கியது.

மறுபடி செய்தால் எதை மாற்றலாம்

முதலாவது, ஓட்டின் பொருள். எஃகு அரித்தால் ஹைட்ரஜன் வரும் என்பது 2002-இல் புதிய செய்தி அல்ல. கையாள எளிது, மலிவு என்ற காரணத்தால் எஃகில் தொடங்கி, பல ஆண்டு ஆய்வுக்குப் பின் டைட்டானியத்துக்கு வந்தார்கள். நீண்டகாலம் உள்ளே தங்கப்போகும் ஒவ்வொரு பாகத்தையும், அதன் வேலை ஒரே நாளில் முடிந்தாலும், முதல் நாளே வேதியியலாளர் கையில் கொடுத்திருந்தால் அந்த ஆண்டுகளில் பாதியாவது மிஞ்சியிருக்கும்.

இரண்டாவது, சோதனைகளின் வரிசை. இயந்திரம் ஓடுமா என்பது கண்ணுக்குத் தெரியும் கேள்வி. அதை முதலில் தீர்த்தார்கள். தண்ணீரோடு களிமண் எப்படி நடக்கும் என்பதற்கு ஆண்டுகள் பிடிக்கும். பாதை அடைபட்டால் அங்கேதான் அடைபடும். 15 மீட்டர் துளை கையில் இருந்த 2005 வாக்கிலேயே சிறிய அளவிலாவது ஒரு நீர்நிரப்புச் சோதனையைத் தொடங்கி, அதை ஊற விட்டுவிட்டு, மறுபக்கம் இயந்திர வேலையைச் செய்திருக்கலாம். விண்ணப்பம் எழுதும் நேரத்தில் கையில் தரவு இருந்திருக்கும்.

மூன்றாவது, முடிவெடுக்கும் அளவுகோலும் தேதியும். எந்த நாளுக்குள் எந்தச் சோதனை எந்த அளவில் தேறினால் கிடை வடிவத்துக்கு மாறுவோம் என்று தொடக்கத்திலேயே எழுதி வைத்து, ஒழுங்குமுறை ஆணையத்துக்கும் சொல்லியிருக்க வேண்டும். அது இருந்திருந்தால் 2011 விண்ணப்பத்துக்கு முன்பே, நேர்மையான ஒரு ஒப்பீடு நடந்திருக்கும். மாற்று வடிவத்தில் உழைத்தவர்களுக்கும் தங்கள் வேலை எந்த நாளுக்குள் முடிய வேண்டும் என்பது தெரிந்திருக்கும்.

இதையெல்லாம் மீறி அந்த உழைப்பில் நிறையவே மிஞ்சியிருக்கிறது. சிலிக்காக் கரைசலால் கசிவை அடைக்கும் முறை, நேரான நீண்ட துளை போடும் அனுபவம், களிமண்ணைத் தண்ணீர் எப்படி அறுக்கும் என்ற அறிவு, இவற்றுக்குக் கலம் எந்தப் பக்கம் பார்த்திருக்கிறது என்பது ஒரு பொருட்டல்ல. இந்தியாவில் கருங்கல் பாறையில் கண்ணாடிக் கழிவுக்கு இடம் தேடும் நாள் வரும்போது, இந்த அறிக்கைகளின் வெற்றிப் பக்கங்களைவிட, துளைக்குள் தண்ணீர் எங்கே எப்படி ஓடியது என்று பதிவு செய்த பக்கங்களை முதலில் எடுத்துப் படிக்க வேண்டும்.